கம்புத் துருவும் கத்தரி இலையும்: ஒரு நோய்க்கு இரண்டு வீடு

கம்புப் பயிரின் இலைகளில் செம்பழுப்பு நிறத்தில் சிறு கொப்புளங்கள் தோன்றுவதும், அவற்றை விரலால் தடவினால் இரும்புத் துருவைப் போன்ற தூள் ஒட்டிக்கொள்வதும் உழவர்கள் அறிந்ததே. இது துரு நோய். அதே வட்டாரத்தில் கத்தரி பயிரிட்டவர்கள் வேறொன்றைக் கண்டிருப்பார்கள். கத்தரி இலையின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளிகள் விழும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் மஞ்சள் நிறத்தில் சிறுசிறு கிண்ணங்களை நெருக்கமாக அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். நாளடைவில் இலை சுருங்கிக் கோணலாகி உதிர்ந்துவிடும்.

ஒன்று தானியப் பயிர், மற்றொன்று காய்கறிப் பயிர். ஒன்றில் தூள், மற்றொன்றில் கிண்ணம். பார்ப்பவர்களுக்கு இவை இரண்டும் வெவ்வேறு நோய்களாகவே தோன்றும். ஆனால் இரண்டையும் உண்டாக்குவது ஒரே பூசணம். அது தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கம்பிலும் மறு பகுதியைக் கத்தரியிலும் கழிக்கிறது. கம்பில் கண்ட துருவுக்குக் கம்பு வயலில் மட்டும் காரணம் தேடினால் பாதிதான் விளங்கும். மீதிப் பாதி வரப்புக்கு அப்பால், கத்தரிப் பாத்தியில் இருக்கலாம்.

இந்த உறவைக் கண்டுபிடித்தது தமிழ் மண்ணில் நடந்த ஆராய்ச்சியே. கோயம்புத்தூரில் பூசண ஆய்வில் ஈடுபட்டிருந்த டி.எஸ். ராமகிருஷ்ணனும் சி.கே. சௌமினியும் கம்புத் துருவையும் அதன் மாற்றுச் செடியையும் பற்றிய ஆய்வை 1948-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

மாற்று உணவுச் செடி என்றால் என்ன?

துருப் பூசணங்கள் உயிருள்ள பச்சைச் செடியில் மட்டுமே வளர்பவை. மட்கிய குப்பையிலும் காய்ந்த சருகிலும் அவற்றால் வளர்ந்து பெருக முடியாது. ஆகவே ஒரு பயிர் அறுவடையானதும் அடுத்த பயிர் முளைக்கும் வரை எப்படியாவது உயிரோடிருக்க அவை வழி தேட வேண்டும். சில துருப் பூசணங்கள் இதற்கு இரண்டாவதாக ஒரு செடியை நாடுகின்றன. முதற் செடிக்கும் இரண்டாவது செடிக்கும் குலத்தாலோ தோற்றத்தாலோ எந்த உறவும் இருக்காது. கம்பு புல்லினத்தைச் சேர்ந்தது. கத்தரிக்கும் புல்லுக்கும் எந்த ஒட்டும் இல்லை. இவ்வாறு பூசணத்தின் வாழ்க்கைச் சுற்று நிறைவுபெறத் தேவைப்படும் இரண்டாவது செடியே மாற்று உணவுச் செடி எனப்படும்.

வரப்பில் உள்ள புல்லில் நோய் தங்கிப் பயிருக்கு வருவது என்பது வேறு. அங்கே பூசணம் ஒரே வடிவத்தில்தான் இருக்கும். இங்கேயோ செடி மாறும்போது பூசணத்தின் வடிவமும், அது உண்டாக்கும் வித்தின் தன்மையும் மாறிவிடுகின்றன. அதனால்தான் கண்ணால் பார்த்து இவ்வுறவைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது.

கம்பு இலையில் நடப்பது

கம்பு இலையின் இரு புறங்களிலும் தோன்றும் செம்பழுப்புக் கொப்புளம் ஒவ்வொன்றும் மேல்தோல் கிழிந்து திறக்கும்போது ஏராளமான பூசண வித்துக்களைக் கொட்டுகிறது. இவற்றைத் துரு வித்து என்று கூறலாம். காற்று இவற்றை எடுத்துச் செல்கிறது. பனியால் நனைந்த மற்றொரு கம்பு இலையில் விழுந்தால் வித்து முளைத்து, இலையின் மூச்சுத் துளை வழியாக உள்ளே நுழைகிறது. ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாட்களில் அங்கே புதிய கொப்புளம் வெடிக்கிறது. அதிலிருந்து அடுத்த செடி, அடுத்த வயல், அடுத்த ஊர் என்று பரவுகிறது. பகலில் மிதமான வெப்பமும் இரவில் நல்ல பனியும் இருக்கும் காலம் இதற்கு மிகவும் ஏற்றது.

பயிர் முற்றும் தருணத்தில் இதே இலைகளில் கரும்பழுப்பு அல்லது கறுப்பு நிறப் புள்ளிகள் தோன்றும். அவை தூளாக உதிர்வதில்லை. இலைத்தோலுக்குக் கீழேயே தங்கிவிடுகின்றன. பயிர் காய்ந்ததால் ஏற்பட்ட கறை என்று பலரும் இதை விட்டுவிடுவார்கள். உண்மையில் இவை தடித்த சுவருடைய கரு வித்துக்கள். காற்றில் பறந்து கம்பைத் தாக்குவது இவற்றின் வேலையன்று. ஈரம் பட்டதும் இக்கரு வித்துக்கள் முளைத்து, மெல்லிய சுவருடைய மிகச் சிறிய வேறொரு வகை வித்தை வெளிவிடுகின்றன. இந்த நுண் வித்து கம்பு இலையில் விழுந்தால் பயனின்றி அழிந்துபோகும். கத்தரி இலையில் விழுந்தால்தான் வாழும். மெல்லிய சுவருடையதாதலால் வெயிலிலும் வறட்சியிலும் விரைவில் செத்துவிடும். எனவே இது நெடுந்தூரம் பயணம் செய்வதில்லை. அருகில் உள்ள கத்தரியே இதற்கு இலக்கு.

கத்தரி இலையில் நடப்பது

கத்தரி இலைக்குள் நுழைந்த பூசணம் முதலில் இலையின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளியை உண்டாக்குகிறது. அப்புள்ளியின் நடுவே ஊசிமுனை அளவில் நுண்ணிய பொட்டுகள் இருக்கும். அவற்றில் தேன் போன்ற திரவம் கசியும். துருப் பூசணங்களில் இத்திரவத்துக்கு ஒரு முக்கிய வேலை உண்டு. ஒரு புள்ளியில் உள்ள பூசணமும் வேறொரு புள்ளியில் உள்ள பூசணமும் ஒன்றுகூடினால்தான் அடுத்த கட்டம் தொடங்கும். இனிப்பை நாடி வரும் ஈக்களும் பூச்சிகளும் ஒரு துளியில் மிதித்த காலோடு மற்றொரு துளிக்குச் சென்று இந்தச் சேர்க்கையை நடத்தி வைக்கின்றன. பூவில் வண்டு மகரந்தம் சேர்ப்பது போன்றதே இதுவும். கனடா நாட்டு விஞ்ஞானி கிரெய்கி 1927-ஆம் ஆண்டில் இந்த உண்மையை வெளிப்படுத்தினார்.

சேர்க்கை நடந்தபின் இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் கிண்ணங்கள் கூட்டமாகத் திறக்கின்றன. ஒவ்வொரு கிண்ணத்திலும் மஞ்சள் நிறத் தூளாக வித்துக்கள் நிறைந்திருக்கும். இவற்றைக் கிண்ண வித்து எனலாம். இவை காற்றில் பறந்து சென்று கம்பைத் தாக்குகின்றன. கம்பில் மறுபடியும் செம்பழுப்புக் கொப்புளம் தோன்றுகிறது. சுற்று நிறைவடைகிறது. கத்தரி இனத்தைச் சேர்ந்த காட்டுச் செடிகள் சிலவற்றிலும் இந்தக் கிண்ணக் கட்டம் நடைபெறுவதுண்டு.

கத்தரியிலிருந்து கத்தரிக்குப் பரவாது

இங்கே உழவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கத்தரி இலையில் உண்டாகும் கிண்ண வித்து மற்றொரு கத்தரிச் செடியைத் தாக்காது. அது கம்பை மட்டுமே தாக்கும். கத்தரிக்கு இந்நோய் வர வேண்டுமானால் கம்பின் கரு வித்திலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே கத்தரித் தோட்டத்தில் இந்நோய் மிகுதியாகக் கண்டால், பக்கத்துக் கத்தரிச் செடியைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. அருகில் துரு விழுந்த கம்புத் தட்டை போர் போட்டிருக்கிறதா, அறுத்த கம்பு வயல் உழாமல் கிடக்கிறதா, மறுதாம்புக் கம்பு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பிலோ நிலைமை வேறு. துரு வித்து கம்பிலிருந்து கம்புக்கே பரவக்கூடியது. ஒரு முறை வயலில் கால் வைத்துவிட்டால், அதன்பின் கத்தரி இல்லாமலேயே அந்தப் பருவம் முழுவதும் பெருகிக்கொண்டே போகும்.

கோதுமையும் பார்பெரியும்

மாற்று உணவுச் செடி பற்றிய கதையில் உலகெங்கும் பேசப்படுவது கோதுமையின் கருந்துரு. ஐரோப்பாவில் பார்பெரி என்னும் முள்செடியை வேலிக்காகவும் பழத்துக்காகவும் வளர்த்து வந்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் அதையும் உடன் கொண்டு சென்றார்கள். நம் நீலகிரி மலைக்காடுகளில் காணப்படும் ஊசிக்களா இந்தப் பார்பெரிக்கு நெருங்கிய உறவுச் செடியாகும்.

பார்பெரி வேலிக்கு அருகில் கோதுமை கருகுகிறது என்று முதலில் சொன்னவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், உழவர்களே. அவர்கள் முறையீட்டின் பேரில் 1726-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கனெக்டிகட் குடியேற்றத்தில் பார்பெரியை அழிக்கச் சட்டம் செய்தார்கள். ஒரு புதர் எப்படிக் கோதுமையைக் கெடுக்கும் என்று படித்தவர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். 1865-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி, கோதுமைத் துருவின் வித்தைப் பார்பெரி இலையில் இட்டு நோயை உண்டாக்கிக் காட்டிய பிறகே ஐயம் தீர்ந்தது. உழவர்களின் கண் கண்டதை ஆய்வுக்கூடம் ஒப்புக்கொள்ள ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கருந்துரு கோதுமை விளைச்சலைப் பெருமளவில் அழித்தது. உலகப் போர்க் காலம் ஆகையால் உணவுப் பஞ்சம் பற்றிய அச்சம் எழுந்தது. 1918-ஆம் ஆண்டில் பார்பெரியை வேரோடு ஒழிக்கும் பெரும் இயக்கத்தை அமெரிக்க அரசு தொடங்கியது. பள்ளிச் சிறுவர்கள் வரை அதில் ஈடுபட்டார்கள். பல்லாண்டுகள் நடந்த இந்த இயக்கத்தில் கோடிக்கணக்கான புதர்கள் அழிக்கப்பட்டன.

இதனால் துரு முற்றிலும் ஒழிந்துவிட்டதா? இல்லை. குளிர் குறைந்த தெற்குப் பகுதிகளில் கோதுமையிலேயே தங்கியிருந்த துரு வித்துக்கள் ஆண்டுதோறும் காற்றில் வடக்கே வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் இரண்டு நன்மைகள் விளைந்தன. பருவத் தொடக்கத்திலேயே, பயிர் இளமையாக இருக்கும்போதே பார்பெரியிலிருந்து நோய் வருவது நின்றது. அதைவிடப் பெரிய நன்மை, புதிய துரு இனங்கள் தோன்றுவது வெகுவாகக் குறைந்தது.

இரண்டாவது வீடு ஏன் ஆபத்தானது?

துரு இனம் என்றால் என்ன என்பதை இங்கே விளக்க வேண்டும். துருவைத் தாங்கும் கம்பு இரகம் ஒன்றை விஞ்ஞானிகள் உருவாக்குகிறார்கள். சில ஆண்டுகள் அந்த இரகம் நன்றாக நிற்கிறது. பிறகு ஒரு பருவத்தில் அதிலும் துரு விழுகிறது. விதை கெட்டுவிட்டது என்று உழவர் நினைக்கிறார். பல வேளைகளில் மாறியது விதையன்று. பூசணத்தில் புதிய இனம் தோன்றியிருக்கும். பழைய பூட்டுக்கு அது புதிய சாவி.

கம்பில் கொப்புளத்திலிருந்து கொப்புளமாகப் பெருகும்போது பூசணம் தன்னைப் போன்ற வித்துக்களையே நகல் எடுக்கிறது. எப்போதாவது சிறு மாற்றம் நேரலாம், அவ்வளவுதான். கத்தரி இலையில் நடப்பதோ சேர்க்கை. இரு வேறு பூசணங்களின் குணங்கள் அங்கே கலந்து புதிய கூட்டு உண்டாகிறது. இரு இரகங்களை ஒட்டுச் சேர்த்துப் புது இரகம் உண்டாக்குவதைப் போல, கத்தரி இலையில் பூசணம் தனக்குத்தானே புது இனம் உண்டாக்கிக்கொள்கிறது.

ஆகவே கத்தரி, கம்புத் துருவுக்கு வெறும் தங்குமிடம் மட்டுமன்று. நோய் தாங்கும் இரகங்களை முறியடிக்கக்கூடிய புதிய இனங்கள் பிறக்கும் இடமும் அதுவே. மருந்துக்குச் செலவிட முடியாத சிறு உழவருக்கு நோய் தாங்கும் விதையே பெரிய பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு நீடித்து நிற்க வேண்டுமானால் கத்தரி இலையில் நடப்பதையும் கவனிக்கத்தான் வேண்டும்.

இந்தியக் கோதுமையில் நிலைமை வேறு

அமெரிக்காவில் பயன் தந்தது எல்லா இடத்திலும் பயன் தரும் என்று எண்ணிவிடக் கூடாது. இதற்கு நம் நாட்டுக் கோதுமையே சான்று. ஆக்ராக் கல்லூரிப் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா பல ஆண்டுகள் மலையிலும் சமவெளியிலும் கோதுமைத் துருவை ஆராய்ந்து, 1940-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். இந்தியாவில் கோதுமைக் கருந்துரு ஆண்டுதோறும் திரும்பி வருவதற்கும் இமயமலையில் வளரும் பார்பெரிக்கும் தொடர்பில்லை என்று அவர் காட்டினார்.

வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் துரு வித்துக்கள் அழிந்துவிடுகின்றன. ஆனால் குளிர்ந்த மலைகளில், அறுவடைக்குப் பின் முளைத்த செடிகளிலும் பருவமல்லாத காலத்துப் பயிரிலும் அவை பிழைத்திருக்கின்றன. கருந்துரு இவ்வாறு தங்கும் இடங்களாக நீலகிரியையும் பழனி மலையையும் மேத்தா சுட்டிக் காட்டினார். அங்கிருந்து புறப்படும் வித்துக்களை வங்கக் கடல் புயலோடு எழும் காற்று மத்திய இந்தியா வரை கொண்டு சென்று மழையோடு இறக்கிவிடக்கூடும் என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நீலகிரியின் வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் அமைந்ததற்கும் இந்தத் துருவே ஒரு காரணம்.

இமயமலைப் பார்பெரியை வெட்டித் தள்ளியிருந்தால் உழைப்புதான் வீணாகியிருக்கும். ஆகவே ஒரு செடியை வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நோய் அடுத்த பருவத்துக்கு எந்த வழியாக வருகிறது? அந்த வழியை அறிந்தபின்தான் அடைக்க வேண்டும்.

கம்புக்குக் கத்தரி எவ்வளவு தீங்கு?

இதே கேள்வியைக் கம்புக்கும் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஆடி, புரட்டாசிப் பட்டங்களில் மானாவாரிக் கம்பும், மாசி, சித்திரைப் பட்டங்களில் இறவைக் கம்பும் பயிராகின்றன. ஏதாவது ஒரு மாவட்டத்தில் எப்போதும் பச்சைக் கம்பு நின்றுகொண்டே இருக்கும். தீவனக் கம்பும் உண்டு. எனவே துரு வித்துக்கள் கம்பிலிருந்து கம்புக்கே தொடர்ந்து வாழ முடியும். ஊரில் உள்ள கத்தரியையெல்லாம் பிடுங்கி எறிந்தாலும் கம்புத் துரு ஒழியாது.

அப்படியானால் கத்தரியைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாமா? அதுவும் சரியன்று. கம்பும் கத்தரியும் அடுத்தடுத்து நின்றால் மூன்று தீங்குகள் நேரலாம். இளங்கம்புக்கு முன்கூட்டியே நோய் வரும். கத்தரி இலைகளும் கெடும். புதிய துரு இனங்களுக்கு வாய்ப்பு ஏற்படும்.

முதலாவதாகக் கூறியதில்தான் உழவரின் கைப்பொருள் அடங்கியிருக்கிறது. மணி பிடித்து முற்றும் தருணத்தில் துரு வந்தால் தானிய இழப்பு சொற்பமே. பூப்பதற்கு முன்பே வந்தால் இலைகள் நுனியிலிருந்து காய்ந்து, கதிர் சிறுத்து, மணி சூம்பிப் போகும். தீவனக் கம்பில் சேதம் இன்னும் அதிகம். துருப்பிடித்த தட்டையில் பசுந்தீவன எடையும் குறையும், மாட்டுக்குச் செரிக்கும் சத்தும் குறையும்.

எந்தப் பயிர் விட்டுக்கொடுப்பது?

மாற்று உணவுச் செடி என்றாலே ஒருவர் பயிருக்காக மற்றொருவர் செடியை அழிப்பதா என்ற கேள்வி எழும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இது நீதிமன்றம் வரை சென்றது. அங்கே ஆப்பிள் மரத்தைத் தாக்கும் ஒரு துருவுக்குச் செஞ்சீடர் மரம் மாற்று வீடு. சீடர் மரத்துக்கு அதனால் பெரிய கேடில்லை. ஆப்பிளுக்கோ இலையும் போகும், காயும் போகும். ஆப்பிள் தோட்டங்களைக் காப்பதற்காக அருகில் உள்ள சீடர் மரங்களை வெட்டும்படி அரசு ஆணையிட்டது. மரத்துக்கு உரியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1928-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசின் ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

கம்புக்கும் கத்தரிக்கும் இத்தகைய தீர்ப்பு பொருந்தாது. கம்பு வீட்டுச் சோற்றுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் ஆனது. கத்தரி வாரந்தோறும் சந்தைக்குப் போய்க் கையில் காசு கொண்டுவருவது. இரண்டும் பிழைப்புக்கான பயிர்களே. பெரும்பாலும் ஒரே குடும்பமே இரண்டையும் பயிரிடுகிறது. எந்தப் பயிரையும் அழிக்க வேண்டியதில்லை. இரண்டையும் விலக்கி வைப்பதும், இடையில் உள்ள வழியை அடைப்பதுமே தக்கது.

மற்றப் பயிர்களின் துரு

எல்லாத் துருவும் ஒரே மாதிரி என்று கருதக் கூடாது. மக்காச்சோளத் துருவுக்கும் சோளத் துருவுக்கும் புளியாரை இனச் செடிகள் மாற்று வீடு. ஆனால் நம் வயல்களில் இத்துருக்கள் பயிரிலிருந்து பயிருக்கே எளிதாகப் பரவுகின்றன. வரப்புப் புளியாரையைக் கொத்துவதால் மட்டும் இவற்றை நிறுத்த முடியாது. நிலக்கடலைத் துருவுக்கு வேறு குலத்துச் செடி எதுவும் மாற்று வீடாக அறியப்படவில்லை. அது கடலையிலிருந்து கடலைக்கே தாவுகிறது. அறுவடையில் தவறிய காய்களிலிருந்து தானாக முளைக்கும் கடலைச் செடிகளே அதற்குப் பாலம். அங்கே வேறு செடியைத் தேடி அலைவதைவிட இந்தத் தான்தோன்றிச் செடிகளைக் களைவதே பயன் தரும்.

ஆய்வும் முடிந்துவிடவில்லை. கோதுமையின் மஞ்சள் துருவுக்கு மாற்றுச் செடி எதுவென்று நூறாண்டுக்கு மேல் தேடினார்கள். அதுவும் பார்பெரியே என்பது 2010-ஆம் ஆண்டில்தான் உறுதியாயிற்று.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. கம்பு வயலையும் கத்தரித் தோட்டத்தையும் அடுத்தடுத்து அமைக்காமல் இயன்ற அளவு விலக்கி அமைக்க வேண்டும். இடையில் வேறு பயிர் இருப்பது நல்லது. துரு விழுந்த கம்பு வயலின் ஓரத்தில் கத்தரி நாற்றங்கால் போடவே கூடாது.

2. கத்தரித் தோட்டத்தைச் சுற்றிப் பூச்சித் தடுப்புக்காக உயரமான பயிரை வரப்பு ஓரத்தில் விதைக்கும் வழக்கம் உண்டு. அதற்குக் கம்பைத் தேர்ந்தெடுக்காமல் சோளம் அல்லது மக்காச்சோளத்தை விதைக்கலாம்.

3. கத்தரியில் மஞ்சள் புள்ளி கண்டால் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்புறத்தில் கிண்ணங்கள் இருந்தால் அது துரு. பழுப்பு நிறப் புள்ளி மட்டும் இருந்து கிண்ணம் இல்லையென்றால் அது வேறு இலைப்புள்ளி நோய். அதற்குரிய சிகிச்சை வேறு.

4. கிண்ணம் கண்ட இலைகளைக் கிள்ளிச் சேர்த்து ஆழமாகப் புதைக்க வேண்டும். கிண்ணம் திறந்து தூள் பறப்பதற்கு முன் செய்தால் முழுப் பயன் கிட்டும். செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. கத்தரியிலிருந்து கத்தரிக்கு இந்நோய் பரவாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

5. கம்பு அறுவடையானதும் தட்டையை அறுத்து அப்புறப்படுத்தி, தாளை மடக்கி உழ வேண்டும். கரும்புள்ளி நிறைந்த தட்டையைக் கத்தரித் தோட்டத்தின் அருகில் போர் போடக் கூடாது. கத்தரிக்கு மூடாக்காகவும் பரப்பக் கூடாது.

6. தானாக முளைத்த கம்பையும் பயனற்ற மறுதாம்பையும் அடுத்த விதைப்புக்கு முன் அழித்துவிட வேண்டும்.

7. விதைப்புக் காலமும் உதவும். டிசம்பர் முதல் மே வரை விதைக்கும் கம்பில் துருவின் தாக்குதல் குறைவாக இருக்கும். இறவை வசதி உள்ளவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மானாவாரியில் மழையோடு விதைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். காலத்தோடு விதைத்தால் பனி மிகுவதற்குள் மணி பிடித்துவிடும்.

8. நோய் தாங்கும் இரகத்தின் விதையையே வாங்க வேண்டும். முன்பு தாங்கிய இரகத்தில் திடீரென்று துரு மிகுந்தால் உடனே வேளாண்மை அலுவலரிடம் காட்ட வேண்டும். அது புதிய துரு இனத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம். ஒருவர் காட்டும் இலை பலருடைய விளைச்சலைக் காக்கும்.

9. தீவனக் கம்பில் துரு தோன்றினால் முற்ற விடாமல் உடனே அறுத்து மாட்டுக்குப் போடுவது சிறந்தது. தீவனமும் கெடாது, பரவலும் குறையும்.

மருந்து தெளிப்பது எப்போது?

கம்பு போன்ற பயிருக்கு மருந்துச் செலவு செய்வதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும். மணி கெட்டிப்பட்ட பிறகு துரு தோன்றினால் தெளிக்க வேண்டியதில்லை. பூக்கும் முன்போ, பூக்கும் தருணத்திலோ கீழ் இலைகளில் கொப்புளங்கள் தோன்றி மேலே ஏறத் தொடங்கினால் தெளிப்பது நன்மை தரும்.

ஏக்கருக்கு நனையும் கந்தகத் தூள் 1 கிலோ அல்லது மாங்கோசெப் 400 கிராம், இவற்றில் ஏதேனும் ஒன்றை 200 லிட்டர் நீரில் கலந்து, இலைகளின் இருபுறமும் படும்படி தெளிக்கலாம். தேவையானால் 10 நாட்கள் கழித்து மறுமுறை தெளிக்க வேண்டும். கடும் வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். மாலை வேளையே ஏற்றது. வாங்குவதற்கு முன் அப்போதைய பரிந்துரையை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிவது நல்லது. தெளிப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். மருந்து தெளித்த கம்பைத் தீவனமாகப் போடக் கூடாது.

அண்டை நிலத்தாரோடு பேசுதல்

காற்றுக்கு வரப்பு கிடையாது. ஒருவர் தம் கத்தரி இலையைக் கிள்ளிப் புதைத்தாலும், அடுத்த நிலத்தார் கம்புத் தட்டையை அங்கேயே போட்டு வைத்திருந்தால் நோய் திரும்ப வரும். பருவத் தொடக்கத்தில் யார் எங்கே கம்பு விதைப்பது, யார் எங்கே கத்தரி நடுவது என்பதை அண்டை நிலத்தார் பேசி முடிவு செய்துகொள்ளலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சுருங்கக் கூறினால், கம்பில் துரு கண்டவர் கத்தரிப் பக்கமும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கத்தரியில் கிண்ணம் கண்டவர் கம்புத் தட்டை எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டும். இரண்டு வீடுகளையும் இடிக்க வேண்டிய தேவையில்லை. ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டால், கம்பும் காக்கப்படும், கத்தரியும் காக்கப்படும், பாடுபட்டு உருவாக்கிய நோய் தாங்கும் இரகங்களும் நீண்ட நாள் நிலைத்து நிற்கும்.